படிக்கட்டுச் சிறுமியும் நாற்பத்தேழு குறிச்சொற்களும்

அந்தக் கட்டடத்தில் அவளைப் போட்டோக்காரம்மா என்றால்தான் தெரியும். சொந்தப் பெயர் கரண்ட் பில்லில் மட்டும் பத்திரமாக இருந்தது. மூன்றாவது மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை, வடக்குப் பார்த்த ஒரு பெரிய ஜன்னல். அந்த ஜன்னலைப் பார்த்த மாத்திரத்தில், வீட்டுக்காரர் கேட்ட வாடகைக்கு மறுபேச்சில்லாமல் தலையாட்டியவள் அவள். வடக்கு வெளிச்சம் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே குணத்தோடு இருக்கும், மனுஷர்களைப் போல நேரத்துக்கு ஒரு முகம் காட்டாது என்பாள். வயது ஐம்பத்து நான்கு. முழங்கால் அதைவிட ஐந்தாறு வயது மூத்தது.

அவள் செய்கிற வேலையை யாருக்காவது விளக்கப் போனால் எதிராளி பாதியிலேயே கொட்டாவி விடுவார். கல்யாணத்துக்கு எடுப்பதில்லை, பத்திரிகைக்கு எடுப்பதில்லை. யாரும் கேட்காத படங்களை எடுத்து, இணையத்தில் படம் விற்கும் ஒரு நிறுவனத்தின் தளத்தில் ஏற்றி வைப்பாள். உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் ஒரு வங்கிக்கோ, பள்ளிக்கூடத்துக்கோ, இருமல் மருந்துக் கம்பெனிக்கோ ஒரு படம் தேவைப்படும். தேடுவார்கள், பிடித்திருந்தால் காசு கட்டி டவுன்லோட் செய்துகொள்வார்கள். அதில் ஒரு பங்கு ராயல்டி என்று இவளுக்கு வரும். இதை ஒரே மூச்சில் புரிந்துகொண்டவள் தரைத்தளத்தில் கடை வைத்திருந்த தையல்காரம்மா ஒருத்திதான்.

“அட, ரெடிமேட் துணி மாதிரின்னு சொல்லுங்க. அளவு எடுக்காம தைச்சுத் தொங்க விடறது. யாருக்குச் சேருதோ அவங்க எடுத்துட்டுப் போறாங்க.”

“அதேதான். ஆனா யார் எடுத்துட்டுப் போனாங்கன்னு எனக்குத் தெரியாது. எதுக்குன்னும் தெரியாது.”

“எனக்கு அது ஒத்து வராதும்மா. நான் தைச்ச சட்டை தெருவுல எதிர்ல வந்தா, தோள்பட்டை சரியா உக்காந்திருக்கான்னு ஒரு பார்வை பார்த்தாத்தான் எனக்குச் சோறு இறங்கும்.”

படம் எடுப்பது கால்வாசி வேலை. மிச்ச முக்கால்வாசி குறிச்சொல் எழுதுவது. ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஐம்பது சொல் வரை எழுதலாம். வாங்க வருகிறவர் தேடும் கட்டத்தில் என்ன சொல்லைத் தட்டுவாரோ அந்தச் சொல் இருந்தால்தான் படம் அவர் கண்ணில் படும். இல்லையென்றால் கிணற்றில் போட்ட கல்தான். ஆப்பிள் படத்துக்கு ‘ஆப்பிள், பழம், சிவப்பு’ என்று எழுதிவிட்டு எழுந்து போகிறவர்கள் கத்துக்குட்டிகள். ‘ஆரோக்கியம், டாக்டர், எடைக்குறைப்பு, ஆசிரியர், ஆசை, புவியீர்ப்பு’ என்று எழுதத் தெரிந்தவர்தான் இதில் பிழைக்க முடியும். போட்டோக்காரம்மா அந்த விஷயத்தில் கில்லாடி. அதற்கு முன்னால் பாஸ்போர்ட் படம் எடுக்கும் ஒரு ஸ்டூடியோவில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவள். ‘சிரிக்காதீங்க, கண்ணை மூடாதீங்க’ என்ற இரண்டு வாக்கியத்துக்கு மேல் அங்கே அவள் வாய்க்கு வேலையில்லை. அத்தனை வருஷம் அடக்கி வைத்த சொல்லெல்லாம் இங்கே வந்து கொட்டியது.

மகள் வளர்ந்து கேமரா முன்னால் உட்கார மாட்டேன் என்றாள், பிறகு படிப்பு, வேலை என்று வேறு ஊருக்கும் போய்விட்டாள்; படத்துக்கு உட்கார ஆள் இல்லை. காசு கொடுத்து மாடல் வைத்தால் கட்டுப்படியாகாது. அதனால் அவளே மாடலும் ஆனாள். கேமராவை ஸ்டாண்டில் மாட்டி, பத்து விநாடி டைமர் வைத்துவிட்டு, ஓடிப்போய் நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சு வாங்குவதை மறைத்துக்கொண்டு சிரிக்க வேண்டும். லேப்டாப்பைப் பார்த்துச் சிரிக்கும் ஓய்வுபெற்ற பெண்மணி. தொலைபேசியில் பேரனிடம் பேசிச் சிரிக்கும் பெண்மணி. மறுமுனையில் யாரும் இல்லை, பேரனும் இன்னும் பிறக்கவில்லை. ஒரு தட்டு நிறையப் பச்சைக் காய்கறியைப் பார்த்துச் சிரிக்கும் பெண்மணி. தனியாக உட்கார்ந்து வெள்ளரிக்காயைப் பார்த்து இப்படிச் சிரிக்கிறவளை நிஜத்தில் பார்த்தால் அக்கம்பக்கத்தார் கதவைச் சாத்திக்கொள்வார்கள். விற்பனையில் என்னவோ அவளுக்குத்தான் நல்ல கிராக்கி.

எடுத்து முடித்ததும் முகத்தில் இருக்கிற சிரிப்பு வடிந்து போகும். அதே காய்கறியை அதே நாற்காலியில் உட்கார்ந்து மதியச் சாப்பாடாகச் சாப்பிடுவாள். எதிர் நாற்காலியில் லென்ஸ் பை இருக்கும். வேறு யாரும் உட்கார வரப்போவதில்லை என்பதால் அதை எடுத்து வைக்க வேண்டிய அவசியம் வந்ததில்லை. பேச ஆள் இல்லாதது அவளுக்குப் பெரிய குறைதான். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

மகளுக்கு நான்கு வயதாக இருக்கும்போது அவள் அப்பா வேலைக்கென்று வெளியூர் போனார். முதலில் பணம் வருவது நின்றது, பிறகு போன் வருவது நின்றது, பிறகு அவருக்கு அங்கே இன்னொரு குடும்பம் இருப்பது தெரிந்தது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பார்த்தும் ஸ்டூடியோ சம்பளம் போதவில்லை. அப்போதுதான் இந்த விற்பனையைப் பற்றிக் கேள்விப்பட்டு, வீட்டில் இருந்ததை வைத்து ஆரம்பித்தாள். வீட்டில் இருந்தது ஒரு பழைய கேமராவும் ஒரு பெண் குழந்தையும்தான்.

பல் துலக்கும் சிறுமி. வீட்டுப்பாடம் எழுதும் சிறுமி. காய்ச்சலில் படுத்திருக்கும் சிறுமி; காய்ச்சல் பொய், போர்வை மட்டும் நிஜம். குழந்தை நன்றாக நடித்தாள். ‘பல்வலி’ என்றால் கன்னத்தில் கை போய்விடும். பதினாலு வயதில் ஒரு நாள் “இனிமே என்னை எடுக்காதம்மா” என்று அவள் சொல்லும்வரை ஆயிரத்துத் தொள்ளாயிரம் படம் சேர்ந்திருந்தது. மாடலின் சம்மதத்துக்கு நிறுவனம் ஒரு படிவம் கேட்கும். குழந்தை என்றால் பாதுகாவலர் கையெழுத்துப் போட்டால் போதும். எடுக்கிறவளும் அவளே, சம்மதம் கொடுக்கிறவளும் அவளே. காரியம் சுலபமாக முடிந்தது.

அந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்தில் ஒன்றுதான் படிக்கட்டுப் படம். மகளுக்கு அப்போது ஏழு வயது. இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே படி திரும்பும் இடத்தில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. போட்டோக்காரம்மா வெளியே படம் எடுக்கப் போவதற்காகத் தோளில் கேமராவோடு இறங்கி வந்தாள். கீழே மகள் பள்ளிச் சீருடையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு, தாடையை அதன்மேல் வைத்து உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வெளிச்சம் ஒரு கன்னத்தில் மட்டும் விழுந்தது. அந்தக் கோணத்தில் வெளிச்சம் வருஷத்துக்கு நாலைந்து நாள்தான் வரும் என்று இன்றைக்கும் சொல்வாள். இரண்டு கிளிக். முதலாவது ஆடிப்போயிற்று, இரண்டாவது அச்சாக வந்தது.

அதைத் தளத்தில் ஏற்றி ‘சிறுமி, படிக்கட்டு, சீருடை, ஜன்னல்’ என்று எழுதினாள். ஒரு வருஷம் அதை ஒருத்தரும் சீண்டவில்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பேசிக்கொள்ளும் இணையக் குழு ஒன்றில் யாரோ எழுதியிருந்தார்கள்: வாங்குகிறவர்கள் பொருளைத் தேடுவதில்லை, பிரச்சினையைத் தேடுகிறார்கள் என்று. அன்றைக்கே உட்கார்ந்து பழைய படங்களுக்கெல்லாம் சொற்களை மாற்றினாள். படிக்கட்டுச் சிறுமிக்கு வந்தபோது கை தடையில்லாமல் ஓடியது. சோகம், தனிமை, பயம், விவாகரத்து, உடைந்த குடும்பம், கவனிப்பாரில்லாத, வேண்டாத பிள்ளை. மொத்தம் நாற்பத்தேழு. இதையும் சேர்க்கலாமே என்று தளமே பக்கத்தில் சில சொற்களை நீட்டும்; பிடித்தால் தட்டினால் போதும். ‘வேண்டாத பிள்ளை’ தளம் நீட்டியதா, தானே எழுதியதா என்பது அவளுக்கு இப்போது நினைவில்லை. அடுத்த மாதத்திலிருந்து படம் பிய்த்துக்கொண்டு போனது.

இனி லெவல் சமாச்சாரம். அந்த நிறுவனத்தில் படம் கொடுக்கிறவர்களுக்கு ஐந்து லெவல். ஜனவரி ஒன்றாம் தேதி அத்தனை பேரும் முதல் லெவலில் நிற்பார்கள். அந்த வருஷம் எத்தனை டவுன்லோட் ஆகிறதோ அதற்குத் தகுந்தபடி மேலே ஏறலாம். முதல் லெவலில் விற்ற காசில் நூற்றுக்குப் பதினாலு பங்கு, ஐந்தாவதில் முப்பத்தாறு. ஐந்தாவதுக்கு வந்தவர் பெயருக்குப் பக்கத்தில் தங்க நிறத்தில் ஒரு நட்சத்திரமும் வரும். டிசம்பர் முடிந்ததும் நட்சத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டு எல்லாரையும் மறுபடி முதல் லெவலுக்கு இறக்கிவிடுவார்கள். இத்தனை வருஷத்தில் போட்டோக்காரம்மா நான்கைத் தாண்டியதே இல்லை. அந்த வருஷம் டிசம்பர் எட்டாம் தேதி அன்று ஐந்தாவதுக்கு இன்னும் இருநூற்றுப் பன்னிரண்டு டவுன்லோட்தான் பாக்கி. நன்கொடை கேட்கும் அமைப்புகள் சோகக் குழந்தைப் படங்களை அள்ளிக்கொண்டு போகும் மாதம் அது. கைக்கெட்டும் தூரம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் மகள் போன் செய்தாள். ஞாயிறு அவள் கூப்பிடுகிற நாள். ஆறு நாள் பூட்டிக் கிடந்த வாய்க்கு அன்றைக்கு ஒரு மணி நேரம் விடுதலை. மகளுக்கு மூன்று மாதத்துக்கு முன்னால்தான் குழந்தைகள் நல அலுவலகம் ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. அடிபட்ட, கைவிடப்பட்ட பிள்ளைகளை நேரில் போய்ப் பார்த்து, பேச வைத்து, எழுதிக்கொண்டு வருகிற வேலை.

“சாப்பிட்டியா குட்டி?”

“ம். அம்மா, ஒண்ணு சொல்லணும். வெள்ளிக்கிழமை எங்களுக்கு ட்ரெயினிங் இருந்துச்சு. வகுப்பு எடுத்த அம்மா திரையில ஒரு படத்தைப் போட்டாங்க. ‘வீட்டுல யாருக்கும் வேண்டாத பிள்ளை முகம் எப்படி இருக்கும்னு பார்த்துக்கங்க’ன்னாங்க. மூணாவது வரிசையில நான் உக்காந்திருக்கேன். படத்துல இருக்கறதும் நான்தான்.”

போட்டோக்காரம்மாவுக்கு முதலில் வந்தது சிரிப்புதான். இத்தனை வருஷத் தொழிலில் தன் படம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று ஒருத்தர் வந்து சொல்வது இதுதான் முதல் தடவை. “அட, படிக்கட்டுப் படமா!” என்று கேட்டேவிட்டாள். குரலில் இருந்த சந்தோஷம் மகள் காதில் விழாமல் இருந்திருக்காது.

“ஆமா. ரூமுக்கு வந்து தேடிப் பார்த்தேன். படத்துக்குக் கீழ எல்லாச் சொல்லும் வரிசையா இருக்கு. வேண்டாத பிள்ளைன்னு நீதான் எழுதினியா?”

“அது தேடறவங்களுக்காகடி. அவங்க தட்டுற வார்த்தை இருந்தாத்தான் படம் மேல வரும். ஆப்பிளுக்கு நான் என்ன எழுதியிருக்கேன்னு பார்த்தா நீ சிரிப்ப. புவியீர்ப்புன்னு போட்டிருக்கேன்.”

“நான் ஆப்பிள் இல்லம்மா.”

போட்டோக்காரம்மா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“மத்த படத்துக்கெல்லாம் நடிச்சேன்,” என்றாள் மகள். “காய்ச்சல்னா காய்ச்சல், பல்வலின்னா பல்வலி. அன்னைக்கு நடிக்கல. நிஜமாவே அழுதுட்டு இருந்தேன். நீ இறங்கி வர்றதைப் பார்த்து எந்திரிக்கப் போனேன். ‘அப்படியே இரு, அசையாத’ன்னு சொன்ன. ரெண்டு தடவை எடுத்த. அப்புறம் வெளிச்சம் போயிடும்னு சொல்லிட்டு என்னைத் தாண்டிக் கீழ இறங்கிப் போயிட்ட. என்னன்னு ஒரு வார்த்தை கேக்கல.”

இதற்கு அவள் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று தள்ளி உட்கார்ந்து கேட்கிற நமக்குத் தெரியும். அவளுக்கும் தெரியாமல் இல்லை. ஆனால் அகப்பட்டுக்கொண்ட மனுஷி முதலில் பார்ப்பது எந்தப் பக்கம் கதவு திறந்திருக்கிறது என்பதைத்தான். அவள் தன் தொழிலுக்குள் போய் ஒளிந்துகொண்டாள். அந்த வெளிச்சம் எவ்வளவு அபூர்வம், அந்தக் காலத்தில் வீடு என்ன நிலைமையில் ஓடியது, அந்த ஒரு படம் எத்தனை வருஷம் மகளின் பள்ளிக்கூடத்துக்குக் கட்டியது என்று மூச்சுவிடாமல் சொன்னாள். சொன்னது அத்தனையும் உண்மை. கேட்டதற்குப் பதில் அதில் எங்கேயும் இல்லை.

“என் படத்தையெல்லாம் தளத்துலேருந்து அழிச்சுடும்மா,” என்றாள் மகள்.

“அழிச்சுடறேன். கட்டாயம் அழிச்சுடறேன்டி. ஒண்ணே ஒண்ணு. ஜனவரி ஒண்ணாம் தேதி வரைக்கும் பொறுத்துக்கறியா? அஞ்சாவது லெவலுக்கு இருநூத்திப் பன்னெண்டுதான் பாக்கி. இத்தனை வருஷத்துல இப்பதான் கிட்ட வந்திருக்கேன். மூணே வாரம்.”

“சரி” என்றாள் மகள்.

அந்தச் சரியைப் போட்டோக்காரம்மா சரி என்றே எடுத்துக்கொண்டாள். பிள்ளை கெட்டிக்காரி, புரிந்துகொண்டாள் என்று போனை வைத்துவிட்டுக் காபி கலக்கப் போனாள். அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. இவளாகக் கூப்பிட்டாள், மணி அடித்து ஓய்ந்தது. ‘வேலை இருக்கு’ என்று ஒரு செய்தி மட்டும் வந்தது. அதற்கு அடுத்த ஞாயிறு அதுவும் வரவில்லை. அன்று ஒரு மணி வரை சாப்பிடாமல் காத்திருந்தாள், இரண்டு வரை காத்திருந்தாள், பிறகு ஆறிப்போனதைச் சாப்பிட்டாள். திங்கட்கிழமை கடைக்காரரிடம் ரொட்டி கேட்கும்போது தொண்டை கரகரத்தது. யோசித்துப் பார்த்தாள். சனிக்கிழமைக்கு அப்புறம் அப்போதுதான் முதல் தடவையாக வாய் திறக்கிறாள்.

ஆனால் டவுன்லோட் எண்ணிக்கை மட்டும் தினமும் ஏறிக்கொண்டிருந்தது. நூற்று எண்பது, நூற்று முப்பது, அறுபது. காலையில் கண் விழித்ததும் அதைத்தான் பார்ப்பாள். படிக்கட்டுச் சிறுமி ஒருத்தியே அதில் பாதியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். இந்த எண்ணிக்கை ஓடி முடியட்டும், ஒரே நாளில் எல்லாப் படத்தையும் அழித்துவிட்டு மகளுக்குப் போன் செய்வேன், அவளும் சமாதானமாகிவிடுவாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இருபத்தொன்பதாம் தேதி காலை பதினோரு மணிக்கு நட்சத்திரம் வந்தது. பெயருக்குப் பக்கத்தில், கடுகைவிடக் கொஞ்சம் பெரிசாக. அதைப் பார்த்துக்கொண்டே மகளுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. முழங்காலைப் பார்க்காமல் மூன்று மாடியும் இறங்கித் தையல்காரம்மா கடைக்குப் போனாள்.

“அஞ்சாவது லெவல் வந்துட்டேன்.”

தையல்காரம்மா வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை எடுத்தாள். “நல்ல சேதி. இனிமே இறக்க மாட்டாங்கல்ல?”

“ஒண்ணாம் தேதி எல்லாரையும் ஒண்ணாவதுக்கு இறக்கிடுவாங்க.”

“இன்னைக்கு இருபத்தொம்பது ஆச்சே.”

“ஆமா.”

“மூணு நாளைக்கா இத்தனை பாடு? நான் மூணு நாள் போட்டுக்கற சட்டையை யாருக்கும் தைச்சதில்லம்மா.” சிரித்துவிட்டுக் கேட்டாள். “பொண்ணுகிட்டச் சொல்லியாச்சா? என்ன சொல்லுது?”

“அவ எடுக்க மாட்டேங்கறா. மூணு வாரமாச்சு.”

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. வெட்டுத் துணி கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து, ட்ரெயினிங்கில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். தையல்காரம்மா மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“நிஜமாவே அழுதேன்னு பொண்ணு சொன்னப்ப, நீங்க இந்த லெவலைப் பத்தியா பேசினீங்க?”

“ஆமா.”

தையல்காரம்மா குண்டூசிகளை ஒவ்வொன்றாக மறுபடி வாயில் வைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று போட்டோக்காரம்மாவுக்கு இருந்தது.

ஒன்றாம் தேதி காலையில் நட்சத்திரம் இல்லை. முதல் லெவல், பூஜ்யம் டவுன்லோட். அதற்காக வருத்தப்பட அவளுக்கு நேரமில்லை. முகம் கழுவும் முன்னாலேயே அழிக்க உட்கார்ந்துவிட்டாள். முதலில் படிக்கட்டுச் சிறுமி. தளம் காரணம் கேட்டது. கொடுத்திருந்த பட்டியலில் தரம் குறைவு, உரிமைச் சிக்கல், மாடல் சம்மதத்தை விலக்கிக்கொண்டார், மற்றவை என்று நாலே காரணம்தான். மூன்றாவதைத் தட்டினாள். உறுதியாகவா என்று கேட்டது. உறுதியாக என்பதைத் தட்டும் முன்னால் நாற்பத்தேழு சொல்லையும் ஒரு தடவை படித்துப் பார்த்தாள். ‘மகள்’ என்ற சொல் அதில் இல்லை. ஐம்பது எழுதலாம், மூன்று இடம் காலியாகவே கிடந்திருக்கிறது. பல் துலக்கும் படத்துக்கு அந்தச் சொல்லை எழுதியிருக்கிறாள், வீட்டுப்பாடத்துக்கு எழுதியிருக்கிறாள். சிரிக்கிற குழந்தைக்கெல்லாம் மகள் என்று எழுதிய கை, அழுத குழந்தைக்கு எழுதவில்லை. வெட்கத்தில் உடம்பே கூசியது.

ஒரு நாளைக்கு நூறு படத்துக்குமேல் அழிக்கக் கேட்க முடியாது. நாலு நாள் நூறு நூறாகப் போனது. நாலு வயதும் ஐந்து வயதும் ஆறு வயதும் திரையில் வந்து நின்று, காரணம் கேட்டு, போய்க்கொண்டிருந்தன. முன்பற்கள் விழுந்த வருஷம் முழுக்கப் பல் டாக்டர் படங்கள். எவ்வளவு சந்தோஷமாக எடுத்தோம் என்று அப்போது நினைத்திருந்தாள். இப்போது பார்க்கும்போது ஒவ்வொரு முகத்திலும் நடிப்பு எது, நிஜம் எது என்று தேடினாள். தெரியவில்லை. பெற்ற தாய்க்கே தெரியவில்லை.

ஐந்தாம் நாள் நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. இத்தனை படத்துக்குச் சம்மதம் விலக்கப்படுவதால் கணக்கை நிறுத்தி வைத்திருக்கிறோம். மாடல் இப்போது பதினெட்டு வயதைத் தாண்டியவர் என்பதால் அவரே கையெழுத்திட்ட படிவம் வேண்டும். இதுவரை வாங்கியவர்கள் படத்தைத் தொடர்ந்து பயன்படுத்தத் தடையில்லை. கடைசி வரியை இரண்டு தடவை படித்தாள். அழித்தாலும் அழியாது என்பதுதான் அதன் அர்த்தம்.

படிவத்தை மகளுக்கு அனுப்ப வேண்டும். கூடவே நாலு வரி எழுதலாம் என்று ஆரம்பித்து, எழுதி எழுதி அழித்தாள். ஒரு ஆப்பிளுக்கு ஐம்பது சொல் எழுதுகிறவளுக்குப் பெற்ற பெண்ணுக்கு ஐந்து வார்த்தை கூடி வரவில்லை. கடைசியில் ‘இதில் கையெழுத்து வேண்டும். அம்மா’ என்று மட்டும் அனுப்பினாள்.

இரண்டு நாளில் படிவம் திரும்பி வந்தது. கையெழுத்து, தேதி, முகவரி எல்லாம் சுத்தமாக நிரப்பியிருந்தாள் மகள். முகவரி புதிதாக இருந்தது. அறை மாறியிருக்கிறாள், சொல்லவில்லை. அதற்கும் கீழே ‘எடுத்தவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு’ என்று ஒரு கேள்வி. குடும்பத்தினர், நண்பர், தொழில்முறை மாடல், மற்றவர். மகள் மூன்றாவதில் டிக் போட்டிருந்தாள்.

போட்டோக்காரம்மா அழுதாள். அந்த வீட்டில் அழுவதற்கு ஒரு வசதி உண்டு, வாயைப் பொத்திக்கொள்ள வேண்டியதில்லை. பிறகு கோபம் வந்தது. ஊண் உறக்கம் இல்லாமல் வளர்த்தவளுக்கு இதுதானா மரியாதை என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள். கோபமும் அடங்கிய பிறகு, பிள்ளை பொய் எழுதவில்லை என்று தோன்றியது. பத்து வருஷம் நில் என்றால் நின்றிருக்கிறாள், இரு என்றால் இருந்திருக்கிறாள். அதற்கு வேறு என்ன பெயர்?

படிவத்தை அனுப்பினாள். மறுநாள் மத்தியானத்துக்குள் மகள் இருந்த படம் எல்லாம் மொத்தமாகப் போய்விட்டது. மிச்சம் இருந்தவை ஆப்பிள்கள், டாக்டர் படங்களுக்கென்று வாங்கிய ஒரு பொய் ஸ்டெதாஸ்கோப், காய்கறியைப் பார்த்துச் சிரிக்கிற அவள் முகம். அதைப் பார்க்கச் சகிக்காமல் லேப்டாப்பை மூடினாள். எப்படியும் எடுக்கப்போவதில்லை என்ற நினைப்போடுதான் மகளுக்குப் போன் போட்டாள்.

ஏழாவது தடவை மணி அடிக்கும்போது மகள் எடுத்தாள். “சொல்லும்மா. ஃபார்ம் சரியா இருந்துச்சா?”

“சரியா இருந்துச்சு. எல்லாம் போயிடுச்சு. ஒண்ணுகூட இல்ல.”

“சரி.”

“ஆனா முன்னாடியே வாங்கினவங்ககிட்ட இருக்கறதை ஒண்ணும் பண்ண முடியாதாம்.”

“தெரியும். அந்த ட்ரெயினிங்குக்கு அப்புறம் எங்க ஆபீஸ் வாசல்லயும் அந்தப் படத்தைப் போஸ்டரா ஒட்டிட்டாங்க. தினமும் பார்த்துட்டுத்தான் உள்ள போறேன்.”

போட்டோக்காரம்மா நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள். படிவம், நிறுவனம், கணக்கு என்று பேச இன்னும் விஷயம் இருந்தது. அதையே சுற்றிச் சுற்றிப் பேசினால் பத்து நிமிஷம் ஓட்டலாம். மகளும் ம் கொட்டுவாள், குரலையாவது கேட்டுக்கொண்டிருக்கலாம். அவளுக்கு அந்த ஆசை நிறையவே இருந்தது. அதை விழுங்கிக்கொண்டு கேட்டாள்.

“குட்டி, அன்னைக்கு ஏன்டி அழுத? என்ன ஆச்சு உனக்கு?”

மறுமுனையில் யாரோ கதவைத் திறந்து மூடினார்கள். மகள் எங்கேயோ தள்ளிப் போய் நிற்பது தெரிந்தது.

“நிஜமாவே கேக்கறியா?”

“கேக்கறேன்டி. சொல்லு.”

வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். வைக்கவில்லை.

“ஞாபகம் இல்லம்மா,” என்றாள் மகள். “நானும் எவ்வளவோ யோசிச்சுப் பார்த்துட்டேன். ஏதோ சின்ன விஷயமாத்தான் இருக்கும். பென்சில் தொலைஞ்சிருக்கும், இல்ல யாராவது தள்ளி விட்டிருப்பாங்க. அன்னைக்கே கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”